அழித்த பக்கத்தில் ஒரு பிட்

கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து பஸ் பார்சலில் ஆறு பெட்டிகள் வந்திருந்தன. பம்ப்செட் மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது, எவ்வளவு மின்னோட்டம் இழுத்தது என்று பதிவு செய்து அனுப்பும் சிறிய கருவிகள் அவை. எங்கள் பெங்களூர் அலுவலகத்தில் அவற்றின் லினக்ஸ் கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆறு பெட்டியிலும் ஒரே குறைதான். சிவப்பு விளக்கு எரிந்தபடியே நிற்கும், பதிவு எதுவும் நடக்காது.

சீரியல் கம்பியை மாட்டி, பெட்டி எழுந்திருக்கும்போது ஓடும் வரிகளைப் படித்தேன். யூபிஐயிடமிருந்து ஓர் எச்சரிக்கை வந்திருந்தது: 412ஆம் பிளாக்கில் 4096ஆவது பைட்டிலிருந்து 126976 பைட் படிக்கும்போது பிழை, எண் -74. அடுத்து, கோப்பு முறைமையான யூபிஐஎஃப்எஸ் 'வெற்றிடம் கெட்டிருக்கிறது' என்று சொல்லிவிட்டு ஏற மறுத்திருந்தது. (பணம் அனுப்பும் யூபிஐ வேறு. இது நேண்ட் ஃபிளாஷ் சிப்பின் பிளாக்குகள், அதாவது ஒரே வீச்சில் அழிக்கப்படும் பகுதிகள், சமமாகத் தேயும்படி பார்த்துக்கொள்ளும் அடுக்கு. ஒவ்வொரு பிளாக்கும் பல பக்கங்களாகப் பிரிந்திருக்கும், எழுதுவது பக்கம் பக்கமாக. 2007இல் வெளியான 2.6.22 பதிப்பிலிருந்து லினக்ஸில் இருக்கிறது.) -74 என்றால், தகவலோடு சேர்த்து எழுதிவைக்கும் பிழைதிருத்தக் குறியீட்டால் திருத்த முடியாத அளவுக்குத் தகவல் கெட்டுவிட்டது என்று பொருள். சிப் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டி, சிப்பை விற்றவர்களுக்குக் காரமாக ஒரு மின்னஞ்சலும் எழுதத் தொடங்கியிருந்தேன்.

அதை அனுப்பவிடாமல் தடுத்தவர் எங்கள் குழுவில் மூத்தவரான அக்கா. நாகர்கோவில்காரர், இந்தத் துறையில் எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் மூத்தவர். என் திரையைப் பார்த்துவிட்டு ஒன்றைத்தான் கேட்டார்: "தேய்ந்துவிட்டது என்கிறாய் தம்பி, அழிப்பு எண்ணிக்கையைப் பார்த்தாயா?"

நான் பார்த்திருக்கவில்லை. ஒவ்வொரு பிளாக்கும் எத்தனை முறை அழிக்கப்பட்டது என்பதை யூபிஐ அந்தப் பிளாக்கின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கிறது. எடுத்துப் பார்த்தேன். ஆறு பெட்டிகளிலும் அதிகபட்ச எண்ணிக்கை நானூறைத் தாண்டவில்லை. இந்த வகை எஸ்எல்சி (ஒரு செல்லில் ஒரே பிட்) நேண்ட் சிப் ஒரு லட்சம் அழிப்பு வரை தாங்கும் என்று அதன் தகவல் தாளிலேயே இருக்கிறது. நானூறில் தேய்ந்துபோக வாய்ப்பே இல்லை. அன்றிலிருந்து, ஃபிளாஷ் கோளாறு என்று யார் வந்தாலும் முதலில் அந்த எண்ணைத்தான் கேட்கிறேன். சிப்பின் மீது பழி போடலாமா கூடாதா என்பதை அது இரண்டே நிமிடத்தில் சொல்லிவிடுகிறது.

அடுத்த வாரம் ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறினேன். இப்படிப்பட்ட கோளாறை மேசையில் உட்கார்ந்தபடி தீர்க்க முயல்வது வீண் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். அங்கே மாந்தோப்பு நடுவே ஒரு மோட்டார் கொட்டகை. எங்கள் பெட்டி ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் ஒழுங்காகப் பொருத்தப்பட்டிருந்தது. ஆனால் அதற்கான மின்சாரம் மோட்டாரின் மெயின் சுவிட்சுக்குப் பின்னாலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. தோட்டத்து அம்மாவிடம் கேட்டேன். "வேலை முடிந்தால் மெயினை அணைத்துவிடுவோம் தம்பி. மழை, இடி என்றாலும் அணைத்துவிடுவோம். பிள்ளைகள் விளையாடுகிற இடம் இல்லையா?" என்றார். அவர் செய்வதுதான் சரி. ஒரு நாளில் மூன்று நான்கு முறை எங்கள் கருவி, எழுதிக்கொண்டிருக்கும்போதே உயிரிழக்கிறது என்பதை நாங்கள்தான் கணக்கில் எடுக்கவில்லை.

இது ஏன் முக்கியம் என்றால், முறையாக நிறுத்தும்போது யூபிஐஎஃப்எஸ் எழுத வேண்டியதை எழுதி முடித்து, ஒழுங்காக மூடியதாகக் குறித்துக்கொள்ளும். திடீரென்று மின்சாரம் போனால், மறுமுறை எழும்போது ஜர்னல் பிளாக்குகளை (புதிய மாற்றங்கள் முதலில் போய்ச் சேரும் இடம்) கடைசி பைட் வரை படித்து, எதுவரை எழுதியிருக்கிறது, எங்கிருந்து வெற்றிடம் தொடங்குகிறது என்று தேட வேண்டும். அந்த வெற்றிடம் உண்மையிலேயே வெற்றிடமாக இருக்கிறதா என்றும் பார்க்கும். எங்கள் பெட்டிகள் விழுந்த இடம் அதுதான்.

பெங்களூர் திரும்பியதும் ஒரு பெட்டியின் சிப்பைக் கழற்றிப் படிக்க முடிவு செய்தேன். பெட்டியிலேயே கட்டளை கொடுத்துப் படித்திருக்கலாம். ஆனால் சிப்போடு பேசும் கர்னல் பகுதியான டிரைவரின் மீதே சந்தேகம் எழுந்துவிட்ட பிறகு அதே டிரைவர் வழியாகப் படிப்பதில் அர்த்தம் இல்லை. பெங்களூரில் மின்னணு உதிரிகள் விற்கும் எஸ்.பி. ரோட்டில் ஒரு மாடிப்படிக்குக் கீழே டிவி மெயின் போர்டு பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். வேலூர்ப் பக்கம். என்னிடம் போர்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். போர்டில் வேறு உதிரிகள் சூடாகாமல் சுற்றிலும் டேப் ஒட்டினார். வெந்காற்றை வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். நாற்பத்தெட்டுக் கால்களில் இருந்த ஈயமும் ஒரே நேரத்தில் பளபளத்ததும் இடுக்கியால் மேலே எடுத்துவிட்டார். இழுக்கவே இல்லை, எடுத்தார். புரோகிராமர் சாக்கெட்டில் வைக்கும்போது, "ஸ்பேர் ஏரியாவோடு சேர்த்துப் படிக்கட்டுமா? பேட் பிளாக்கைத் தாவ வேண்டாம்தானே?" என்று கேட்டார்.

நான் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேண்ட் சிப் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே சில பிளாக்குகள் கெட்டிருக்கலாம். 1024 பிளாக் உள்ள சிப்பில் இருபது வரை கெட்டிருப்பதை உற்பத்தியாளர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். அவற்றுக்கான குறி, ஒவ்வொரு பக்கத்தோடும் கூடுதலாக வரும் சில பைட்டுகளான ஸ்பேர் பகுதியில் இருக்கும். அதைக் கவனிக்காமல் ஒரு சிப்பிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே நகலெடுத்தால், கெட்ட பிளாக் வரும் இடத்தில் தகவல் சிதைந்துவிடும். இதைப் புரிந்துகொள்ளாமல் நேண்டின் மீது சாதாரண நகல் கட்டளையை ஓட்டும் பொறியாளர்களைப் பார்த்திருக்கிறேன். அண்ணன் அதை டிவி போர்டுகளிலிருந்தே கற்றுக்கொண்டிருக்கிறார். இன்றும் எனக்குச் சந்தேகம் வந்தால் அவரிடம் போகத் தயங்குவதில்லை.

132 எம்பி கோப்பு கிடைத்தது: 128 எம்பி தகவல், 4 எம்பி ஸ்பேர். இரவு முருகேஷ்பாளையா வீட்டில் அதைத் திறந்து 412ஆம் பிளாக்குக்குப் போனேன். 17ஆம் பக்கம் வரை எழுத்து இருந்தது. அதற்குப் பிறகு வரிவரியாக எஃப்எஃப் மட்டுமே. அழித்த நேண்டில் எல்லா பிட்டும் 1. எழுதுவது என்றால் 1ஐ 0 ஆக்குவதுதான். 18, 19, 20 என்று கீழே உருட்டிக்கொண்டே போனேன். 23ஆம் பக்கத்தின் நடுவில் ஒரே ஒரு பைட் எஃப்பி என்றிருந்தது. 11111011. பிளாக்கின் 1,31,072 பைட்டுகளில் ஒரே ஒரு பிட் புரண்டிருக்கிறது. அதற்காக ஒரு பெட்டி கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறது.

இப்படி ஒரு பிட் புரள்வது கோளாறே அல்ல. பக்கத்துப் பக்கங்களை எழுதும்போதும் படிக்கும்போதும் ஏற்படும் மின் அழுத்தத்தால் நேண்டில் இது நடந்துகொண்டேதான் இருக்கும். அதற்காகத்தான் பிழைதிருத்தக் குறியீடு இருக்கிறது. எங்கள் கருவியில் 512 பைட்டுக்கு எட்டு பிட் வரை திருத்தும் பிசிஹெச் குறியீடு. ஒரு துண்டுக்கு 13 பைட், நான்கு துண்டுக்கு 52 பைட் என்று 64 பைட் ஸ்பேர் பகுதியில் அது உட்கார்ந்திருக்கிறது. "எட்டு பிட் திருத்துகிறவன் ஒரு பிட்டுக்கு ஏன் கையை விரிக்கிறான்?" என்று மறுநாள் அக்கா கேட்டார். அந்தக் கேள்வியில்தான் விடை இருந்தது.

எழுதப்பட்ட பக்கத்துக்குத்தான் குறியீடு உண்டு. அழித்த பக்கத்தில் தகவலும் எஃப்எஃப், குறியீடு இருக்க வேண்டிய இடமும் எஃப்எஃப். ஆனால் முழுக்க எஃப்எஃப் ஆன 512 பைட்டுக்கு எங்கள் வன்பொருள் கணக்கிடும் பிசிஹெச் குறியீடு எஃப்எஃப் அல்ல, வேறு ஏதோ எண். ஆகவே எந்த அழித்த பக்கத்தைக் கொடுத்தாலும் வன்பொருளுக்கு அது கெட்ட பக்கமாகத் தெரியும். இதைச் சமாளிக்க, டிரைவரை எழுதியவர் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்: படித்த பக்கம் முழுக்க எஃப்எஃப் என்றால் திருத்தும் வேலையே வேண்டாம், அப்படியே கொடுத்துவிடு. புதுச் சிப்பில் இது அருமையாக வேலை செய்யும். ஒரு பிட் புரண்டதும் 'முழுக்க எஃப்எஃப்' என்ற நிபந்தனை தோற்கும். பக்கம் திருத்தும் வன்பொருளுக்குப் போகும். அது தலையும் வாலும் புரியாமல் -74 என்று சொல்லும். மேலே இருப்பவர்கள் நம்பிவிடுவார்கள்.

வன்பொருளின் குறியீட்டை எஃப்எஃப் பக்கத்துக்கு எஃப்எஃப் வரும்படி மாற்றிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். வெளியே விற்ற கருவிகளில் இருக்கும் ஒவ்வொரு பக்கமும் பழைய குறியீட்டின்படி எழுதப்பட்டவை. குறியீட்டின் வகையையோ ஸ்பேர் பகுதியில் அது உட்காரும் இடத்தையோ ஒரு பைட் மாற்றினாலும், புதுக் கர்னல் ஏறிய மறு நிமிடம் அத்தனை கருவிகளும் குருடாகிவிடும். கர்னலை ஏற்றிவிடும் நிரலான பூட்லோடருக்கும் கர்னலுக்கும் இதில் ஒரே கருத்து இருக்க வேண்டும். ஒன்று எழுதியதை மற்றொன்று படிக்க முடியாமல் போனதையும் நேரில் பார்த்திருக்கிறேன். ஃபிளாஷ் டிரைவரைப் பராமரிப்பவர் கைவைக்கவே கூடாத இடம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

திருத்தம் எழுதும் முன் கோளாறை மேசையில் வரவழைக்க வேண்டும். தகவலும் ஸ்பேரும் சேர்ந்த 2112 பைட் கோப்பு ஒன்றை முழுக்க எஃப்எஃப் ஆக உருவாக்கி, ஒரே பைட்டை மட்டும் எஃப்பி ஆக்கினேன். குறியீடு சேர்க்காமல் அப்படியே எழுதும் விருப்பத்தோடு, நேண்ட்ரைட் கருவியால் அதைச் சோதனைப் பலகையின் வெற்றுப் பக்கம் ஒன்றில் எழுதினேன். திரும்பப் படித்தேன். -74. ஆறு பெட்டிகளின் நோய் இப்போது என் கையில், விரும்பிய நேரத்தில் வரவழைக்கும்படி இருந்தது. அதன் பிறகுதான் டிரைவர் கோப்பைத் திறந்தேன். அந்த வரிசையை இன்றுவரை மாற்றவில்லை.

என் முதல் பேட்ச், அதாவது நிரல் திருத்தம், இப்படி: திருத்த முடியவில்லை என்று வன்பொருள் சொன்னால், அந்த 512 பைட்டில் எத்தனை பிட் 0 என்று எண்ணு, எட்டோ அதற்குக் குறைவோ என்றால் அது அழித்த பக்கம்தான், எஃப்எஃப் நிரப்பிக் கொடு. சோதித்தேன், ஓடியது. அக்காவிடம் பெருமையாகக் காட்டினேன்.

"குறியீட்டுப் பைட்டுகளை எண்ணவில்லையே."

"அவை எதற்கு அக்கா?"

"ஒரு நிரல் வேண்டுமென்றே கிட்டத்தட்ட முழுக்க எஃப்எஃப் எழுதுகிறது என்று வை. ஐந்து பிட் மட்டும்தான் 0. உண்மையான தகவல் அது. அந்தப் பக்கம் பின்னால் நிஜமாகவே கெட்டுப்போனால் உன் டிரைவர் என்ன சொல்லும்?"

ஐந்து பிட்தான் 0, ஆகவே அழித்த பக்கம் என்று சொல்லி, அந்த ஐந்து பிட் தகவலையும் விழுங்கிவிடும். பிழை என்ற செய்திகூட மேலே போகாது. அழித்த பக்கம்தானா என்று தீர்மானிக்கத் தகவலையும் குறியீட்டையும் சேர்த்து எண்ண வேண்டும். உண்மையில் எழுதிய பக்கத்தில் குறியீட்டுப் பைட்டுகள் எஃப்எஃப்பாக இருக்காது. இந்த வேலைக்கென்றே 4.4 பதிப்பிலிருந்து கர்னலில் பொதுவான செயல்கூறு ஒன்று இருக்கிறது, அதன் மேலே எழுதியிருக்கும் குறிப்பும் இதே ஆபத்தைத்தான் எச்சரிக்கிறது. எங்கள் டிரைவர் அதற்கு முந்தைய காலத்தது. புதிதாக எழுதுவதற்கு முன் பக்கத்து டிரைவர்கள் நான்கைப் படித்திருந்தால் எனக்கு இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது பேட்சிலும் ஒரு பிழை விட்டேன். இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் எந்தச் சோதனையிலும் தெரியாத வகை அது. அழித்த பக்கத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்த பின் 'புரண்ட பிட் 0' என்று மேலே சொல்லிக்கொண்டிருந்தேன். கொடுக்கும் தகவல் சரியாகத்தான் இருக்கிறது, எல்லாப் பச்சை விளக்கும் எரிகிறது. ஆனால் ஒரு துண்டில் எத்தனை பிட் புரண்டது என்ற எண்ணை வைத்துத்தான் யூபிஐ முடிவெடுக்கிறது. அந்த எண் ஒரு வரம்பைத் தொட்டால், டிரைவருக்கும் யூபிஐக்கும் நடுவில் இருக்கும் எம்டிடி அடுக்கு -117 என்று சொல்லும். அதாவது படித்தது சரி, ஆனால் இந்த இடம் தளர்ந்துவருகிறது. உடனே யூபிஐ அந்தப் பிளாக்கில் இருப்பதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுப் பழையதை அழிக்கும். திருத்தும் வலிமையில் முக்கால் பங்கு என்பது இயல்பான வரம்பு, எட்டுக்கு ஆறு. நான் 0 என்று சொல்லிக்கொண்டிருந்தால் ஆறு, ஏழு, எட்டு என்று ஏறி ஒன்பதாவது பிட்டில் தகவல் போகும் வரை யாருக்கும் தெரியாது.

அந்தப் பகுதியைத் திருத்தும்போதே நேரெதிரான தவறு ஒன்றும் பழைய நிரலில் இருந்தது தெரிந்தது. ஒரு பக்கத்தின் நான்கு துண்டுகளில் 2, 1, 2, 1 என்று புரண்டிருந்தால், மேலே சொல்ல வேண்டியது அதிகபட்சமான 2. பழைய டிரைவர் கூட்டி 6 என்று சொன்னது. வரம்பு ஆறு. ஆகவே நலமாக இருக்கும் பிளாக்கைக்கூட யூபிஐ பதறியடித்து இடம் மாற்றியிருக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் ஓர் அழிப்பு. இத்தனை குறைந்த நாளில் அழிப்பு எண்ணிக்கை நானூறை நெருங்கியது ஏன் என்பதற்கும் அதில் விடை கிடைத்தது. குறைத்துச் சொன்னால் தகவல் போகிறது, கூட்டிச் சொன்னால் சிப்பின் ஆயுள் போகிறது. டிரைவர் சொல்லும் எண் சரியாக இருந்தால் மட்டுமே மேலே உள்ள அடுக்குகள் சரியாக நடக்கும் என்று எனக்கு உறைத்தது அன்றுதான்.

மூன்றாவது பேட்சைச் சோதிக்க, எஸ்.பி. ரோட்டிலேயே ஒரு ரிலே பலகை வாங்கிப் பெட்டியின் மின்சாரத்தை அதன் வழியாகக் கொடுத்தேன். ஒழுங்கற்ற இடைவெளியில், சராசரியாக நிமிடத்துக்கு ஒரு முறை அணைத்து எழுப்பியது. தோட்டத்து அம்மாவின் மெயின் சுவிட்ச்தான் இது, வேகம் மட்டும் அதிகம். வெள்ளி மாலை தொடங்கித் திங்கள் மாலை வரை நாலாயிரம் முறைக்கு மேல். அதோடு எம்டிடி சோதனைத் தொகுப்பில் ஒவ்வொரு பிட்டாகப் புரட்டிப் பார்க்கும் சோதனையையும் ஓட்டினேன்: எட்டு வரை திருத்த வேண்டும், ஒன்பதில் தோற்க வேண்டும், இடையில் சொல்லும் எண் ஒன்று ஒன்றாக ஏற வேண்டும். தேய்க்கும் சோதனை என்று ஒன்றும் அந்தத் தொகுப்பில் உண்டு. அது பிளாக்கை விடாமல் அழித்து அழித்துக் கொல்லும். வாடிக்கையாளரின் பெட்டியில் அதை ஓட்டிவிடாதீர்கள்.

பெட்டிகள் சரியாகிப் போய்விட்டன. ஆனால் வேலை அங்கே முடிவதில்லை. டிரைவரைக் காலத்துக்கேற்ப நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். வேகமான புதிய செயலி ஒன்றுக்கு அதே டிரைவரைக் கொண்டுபோனபோது, எப்போதாவது ஒரு முறை முந்தைய பக்கத்தின் தகவலே திரும்ப வந்தது. கட்டளை கொடுத்ததும் சிப் 'வேலையாக இருக்கிறேன்' என்று தன் கம்பியை இறக்க 100 நானோ நொடி வரை எடுத்துக்கொள்ளலாம். பழைய செயலி மெதுவானது, தானாகவே அவ்வளவு நேரம் கடந்துவிடும். புதியது அதற்குள் கம்பியைப் பார்த்துவிட்டு, சிப் தயார் என்று நினைத்துவிட்டது. ஒரே ஒரு வரித் தாமதம் சேர்த்ததும் தீர்ந்தது. தகவல் தாளின் நேர அட்டவணையை ஒவ்வொரு வரியாக டிரைவரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் அதன் பிறகு வந்தது.

4.16 பதிப்பில், 2018இல், நேண்ட் டிரைவர்கள் வன்பொருளோடு பேசும் முறையே மாறியது. கட்டளை, முகவரி, தகவல் வாங்கு, தகவல் கொடு, தயாராகும் வரை காத்திரு என்று ஒரு வரிசையாகக் கர்னல் சொல்லும். டிரைவர் அதை அப்படியே நிறைவேற்ற வேண்டும். எங்கள் டிரைவரை அந்த முறைக்கு மாற்ற ஒரு மாதம் ஆனது. பதினான்கு சிறு பேட்சுகளாக உடைத்தேன். ஒவ்வொன்றுக்குப் பிறகும் கர்னல் தொகுக்க வேண்டும், பெட்டி எழ வேண்டும், பிட் சோதனை தேற வேண்டும். பதினோராவதில் ஒரு பிழை நுழைந்திருந்தது. ஆறு வாரம் கழித்துத் தெரியவந்தபோது, பாதிபாதியாகப் பிரித்துத் தேடி அரை நாளில் அந்த ஒரே பேட்சைப் பிடித்துவிட்டேன். ஒரே பேட்சாகப் போட்டிருந்தால் எங்கே தேடியிருப்பேன் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. அழித்த பக்கத் திருத்தத்தைக் கர்னல் பராமரிப்பாளர்களுக்கு அனுப்பியபோது, நிரல் முப்பது வரிதான்; விளக்கம் அதைவிட நீளம். என்ன நடந்தது, எப்படி வரவழைப்பது, எந்தப் பழைய மாற்றத்தில் பிழை நுழைந்தது என்று எல்லாம் எழுதினேன். அவர்கள் நிரலில் கேட்டது ஒரே கேள்வி. விளக்கத்தில் கேட்டவை நான்கு.

இப்போது என் மேசையில் இருப்பது எஸ்பிஐ (வங்கி அல்ல, சில கம்பிகளிலேயே பேசும் சீரியல் இணைப்பு) நேண்ட் சிப் உள்ள புதுப் பெட்டி. பிழைதிருத்தம் சிப்புக்கு உள்ளேயே நடந்துவிடுகிறது. படித்த பின் நிலைப் பதிவேட்டில் இரண்டே பிட்: பிழை இல்லை, இருந்தது திருத்திவிட்டேன், திருத்த முடியவில்லை. எத்தனை பிட் புரண்டது என்று சொல்வதில்லை. அந்த நிலையில் கர்னலின் பொதுவான நிரல், திருத்தும் வலிமை முழுவதும் செலவாகிவிட்டதாகவே வைத்துக்கொண்டு மேலே சொல்கிறது; தகவல் உடனே இடம் மாறட்டும் என்று. பாதுகாப்பானதுதான், ஆனால் ஒரு பிட்டுக்கும் எட்டு பிட்டுக்கும் ஒரே பதில் என்றால் மாந்தோப்புப் பெட்டியில் அழிப்பு எண்ணிக்கை மறுபடி ஏறும். சில சிப்புகளில் சரியான எண்ணைக் கேட்டுப் பெறத் தனிக் கட்டளை உண்டு. இந்தச் சிப்பின் தகவல் தாளில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று, நேற்றிலிருந்து அக்காவும் நானும் ஆளுக்கொரு பாதியாகப் படித்துக்கொண்டிருக்கிறோம்.